பங்காளிச் சண்டை பார்க்கப் போன கதை: வியன்னாவுலருந்து மோன்ஸ் வரைக்கும்

நாள் 1 – வியன்னா

சித்தப்பா பையன் கோபிலருந்து வந்திருக்கான், எனக்கும் ஆபீஸ்ல ஒரு வாரம் லீவு கிடைச்சுது. அவனுக்கு ஸ்விஸ் போய் பனியில நின்னு போட்டோ எடுக்கணும், எனக்கு ரொம்ப வருஷமா முதல் உலகப்போர் ஆரம்பிச்ச இடத்தையெல்லாம் ஒரு ரவுண்டு பார்த்துட்டு வரணும்னு ஆசை. டிக்கெட் காசு நான் போட்டதால நான் ஜெயிச்சேன். பாஸ்னியா, செர்பியா ரெண்டும் ஷெங்கன் (ஒரே விசாவுல பல ஐரோப்பிய நாட்டுக்குப் போற ஏரியா) கிடையாது, மல்டிபிள் என்ட்ரி ஷெங்கன் விசா இருந்ததால தம்பிக்குப் பிரச்னை வரல, ஆனா இந்த ரூல் எல்லாம் மாறிக்கிட்டே இருக்கும், போறவங்க ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க.

ஸ்டேஷன்ல பெட்டிய லாக்கர்ல போட்டுட்டு நேரா ஆர்சனல் பக்கம் இருக்கற ராணுவ மியூசியத்துக்குப் போயிட்டோம். நான் வந்ததே ஒரு காருக்காக. கிராஃப் அண்ட் ஷ்டிஃப்ட் கம்பெனி கார், மேல கூரை மடிச்சு விட்ட ஓப்பன் கார், ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவி சோஃபியும் 1914 ஜூன் 28-ஆம் தேதி பாஸ்னியாவோட சரயேவோவுல சுட்டுக் கொல்லப்பட்டப்ப உக்காந்து போனது. கதவுல குண்டு துளைச்ச ஓட்டை இன்னும் இருக்கு, சுண்டுவிரல் நுனி போற அளவுதான். பக்கத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள அவரோட நீல யூனிஃபார்ம் சட்டை. ரத்தக்கறை பழுப்பா மாறி, வேட்டியில பட்ட வெத்தலைக் கறை மாதிரி தெரியுது. டாக்டருங்க அவசரத்துல கத்தரியால வெட்டிருக்காங்க, அந்த வெட்டும் அப்படியே இருக்கு. தம்பி அதுவரைக்கும் போன நோண்டிட்டு வந்தவன் அங்க வந்ததும் போன பாக்கெட்ல போட்டுட்டான்.

காரோட நம்பர் பிளேட் A III 118, அதுக்கு "போர் முடிஞ்ச தேதி 11-11-18 அப்பவே எழுதி வச்சிருந்துச்சு பாருங்க"னு வாட்ஸ்அப்ல ஒரு கதை சுத்தும், அதெல்லாம் சும்மா தற்செயல்.

அங்க நின்னப்ப எனக்கு வேற ஒண்ணுதான் உறுத்துச்சு. ஆஸ்திரியாவுல செர்பியாவோட போர் வேணாம் வேணாம்னு சொல்லிட்டு இருந்த பெரிய கைகள்ல இந்த ஃபெர்டினாண்ட் ஒருத்தர். ராணுவத் தளபதி கான்ராட் 1913-ல மட்டும் இருபது தடவைக்கு மேல செர்பியாவ அடிச்சுரலாம்னு கேட்டிருக்காரு, ஒவ்வொரு தடவையும் தடுத்ததுல இவருக்குப் பெரிய பங்கு. இவரு செத்ததும் தடுக்க ஆள் இல்ல, அடிக்கக் காரணமும் கிடைச்சிருச்சு.

சாயங்காலம் ஒரு காபி ஹவுஸ்ல உக்காந்தோம் (காபி விலைய சொன்னா ஊர்ல திட்டுவாங்க, விடுங்க). தம்பி கேட்டான்: "ஏனுங்ணா, ஒருத்தர சுட்டதுக்கா உலகமே அடிச்சுக்கிச்சு?"

அவனுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா எங்க வீட்டுக் கதைதான் இருக்கு. எங்க அப்பாவும் அவங்க அப்பாவும் அண்ணன் தம்பி, பொதுக்கிணறு, ஆளுக்கு ஒரு நாள் முறை. எங்க அப்பா அஞ்சு எச்பி மோட்டார் போட்டாரு, சித்தப்பா ஏழரை போட்டாரு. அப்புறம் எங்க அப்பா தனியா போர்வெல் போட்டாரு, 300 அடி. சித்தப்பா 600. எங்க அப்பா 900. யாரும் யாரையும் அடிக்கல, திட்டக்கூட இல்ல, ரெண்டு பேரும் "நான் என் தென்னைய காப்பாத்திக்கத்தான் போட்டேன்"னுதான் இன்னைக்கும் சொல்வாங்க. கிணறு வத்திருச்சு, பேச்சும் நின்னுருச்சு, கேஸ் பதினோரு வருஷம் நடந்துச்சு. நானும் இவனும் சேர்ந்து ஊர் சுத்தறதே இதுதான் முதல் தடவை.

இங்கிலாந்தும் ஜெர்மனியும் பண்ணது இதேதான். 1898-லயும் 1900-லயும் ஜெர்மனி கப்பல் படைக்குச் சட்டம் போட்டு வரிசையா போர்க்கப்பல் கட்ட ஆரம்பிச்சுது. 1906-ல இங்கிலாந்து டிரெட்நாட்னு ஒரு கப்பல இறக்குச்சு, அது வந்த அன்னைக்கே உலகத்துல இருந்த மத்த போர்க்கப்பல் எல்லாம் பழசாயிருச்சு, இங்கிலாந்தோட சொந்தக் கப்பலும் சேர்த்துதான். அப்புறம் ரெண்டு பேரும் முதல்லருந்து எண்ண ஆரம்பிச்சாங்க. 1909-ல இங்கிலாந்து நேவி ஆறு கப்பல் கேட்டுச்சு, சில மந்திரிங்க நாலு போதும்னாங்க, கடைசியில கட்டுனது எட்டு. இதுல கவனிக்க வேண்டியது, 1912 வாக்குல ஜெர்மனி இந்தப் போட்டிய ஏறக்குறைய விட்டுருச்சு, காசெல்லாம் தரைப்படைக்குப் போக ஆரம்பிச்சிருச்சு. போட்டி ஓய்ஞ்சிருச்சு ஆனா சந்தேகம் ஓயல. அதுக்குள்ள இங்கிலாந்து தன் பழைய எதிரிங்களான பிரான்ஸோட 1904-ல, ரஷ்யாவோட 1907-ல சமாதானம் ஆயி ஒரு பக்கமா சேர்ந்துருச்சு, ஜெர்மனிக்கு "என்னைய சுத்தி வளைக்கறாங்க"னு பயம்.

பங்காளிங்கறது சும்மா பேச்சுக்கு இல்ல. ஜெர்மன் பேரரசர் (கைசர்) வில்ஹெல்ம், இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஜார்ஜ் ரெண்டு பேரும் விக்டோரியா ராணியோட பேரனுங்க. ரஷ்ய ஜார் நிக்கோலஸும் ஜார்ஜும் அக்கா தங்கச்சி பசங்க. 1913 மே மாசம் பெர்லின்ல கைசர் பொண்ணு கல்யாணத்துக்கு மூணு பேரும் ஒண்ணா வந்திருந்தாங்க. பதினாலு மாசம் கழிச்சு போர். "நம்ம வீட்டுக் கல்யாணத்துல பந்தியில எதிரெதிர உக்காந்து பேசாம சாப்பிடுவாங்களே, அதுக்கு இவங்க பரவால்ல"ங்கறான் தம்பி.

நாள் 2 – சரயேவோ

ஃப்ளைட்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். இறங்கறப்பவே சுத்தியும் மலை, நடுவுல தட்டுல ஊத்துன சாம்பார் மாதிரி ஊரு. பழைய கட்டடச் சுவருல குண்டுத் தழும்பு இன்னும் இருக்கு, அது 1914 இல்ல, செர்பியாவும் பாஸ்னியாவும் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியா உடைஞ்சப்ப நடந்த 1992-96 முற்றுகை. 1425 நாள். அதைப் பத்தி எழுதணும்னா தனிப் பதிவு வேணும், இங்க தொட மாட்டேன்.

லத்தீன் பாலம். நான் மனசுல பெரிய பாலமா நெனச்சு வச்சிருந்தேன், பார்த்தா நம்ம ஊரு வாய்க்கால் பாலத்துக்கு அண்ணன். கீழ மில்யாட்ஸ்கா ஆறு, முட்டிக்குக் கீழதான் தண்ணி ஓடுது. அன்னைக்குக் காலையில, இளவரசரக் கொல்லக் காத்திருந்த கூட்டத்துல முதல்ல சாப்ரினோவிச் வெடிகுண்டு வீசினான், அது மடிச்சு வச்ச கார் கூரையில பட்டு உருண்டு பின்னாடி வந்த கார்கிட்ட வெடிச்சுது. அவன் சயனைடு முழுங்கிட்டு இந்த ஆத்துல குதிச்சான். சயனைடு வேலை செய்யல, ஆத்துலயும் தண்ணி இல்ல. புடிச்சுட்டாங்க.

அப்பவே இளவரசர் ஊருக்குத் திரும்பிருக்கலாம். நகர மன்றத்துல வரவேற்பு எல்லாம் முடிச்சுட்டு, அடிபட்டவங்கள ஆஸ்பத்திரியில பார்க்கப் போறேன்னு கிளம்பினாரு, நல்ல காரியம்தான். ரூட்ட மாத்துனாங்க, டிரைவருக்கு யாரும் சொல்லல. பாலத்து முனையில டிரைவர் பழைய ரூட்படி வலது பக்கம் திருப்பிட்டாரு, கவர்னர் பொட்டியோரெக் "தப்பு தப்பு"னு கத்த, கார் நின்னுச்சு. நின்ன இடத்துல அதே கூட்டத்து ஆள் கவ்ரிலோ பிரின்சிப். பத்தொன்பது வயசு, இருபதாக இன்னும் ஒரு மாசம்கூட இல்ல. ரெண்டு குண்டு. (அவன் சாண்ட்விச் சாப்பிட வந்தான்னு ஒரு கதை உலவுது, கட்டுக்கதை.) இருபது முடியாததால தூக்குத் தண்டனை கிடையாது, இருபது வருஷம் ஜெயில், 1918 ஏப்ரல்ல ஜெயில்லயே காசநோய்ல செத்துட்டான்.

அந்த முனையில இப்ப சின்ன மியூசியம் இருக்கு, சுவத்துல ஒரு பலகை. இந்தப் பலகை கதைதான் இந்தப் பயணத்துலயே எனக்குப் புடிச்சது, கொஞ்சம் நிதானமா சொல்றேன். 1917-ல ஆஸ்திரியாக்காரன் இங்க செத்தவங்களுக்கு நினைவுச்சின்னம் வச்சான். போர்ல தோத்ததும் அது போயிருச்சு. 1930-ல யூகோஸ்லாவியா காலத்துல அதே இடத்துல பிரின்சிப் விடுதலைக்கு வழி திறந்தான்னு பலகை. 1941-ல ஜெர்மன் படை உள்ள வந்துச்சு, பலகைய பேத்து எடுத்து ஹிட்லருக்குப் பிறந்தநாள் பரிசா கொடுத்துட்டாங்க. 1945-ல மறுபடி பலகை, அப்புறம் பிரின்சிப் நின்ன இடம்னு சிமென்ட்ல கால் தடம், பாலத்துக்கே பிரின்சிப் பாலம்னு பேரு. 1992 போர்ல இதெல்லாம் போச்சு, பாலம் திரும்ப லத்தீன் பாலம் ஆச்சு. இப்ப இருக்கற பலகையில வீரன்னும் இல்ல கொலைகாரன்னும் இல்ல, இந்த இடத்துலருந்து இன்னார் இன்னாரைக் கொன்னாங்கற செய்தி மட்டும்தான்.

சுட்டது ஒரே ஆள், ஒரே மூலை. அந்த ஊரு யாரு கையில இருக்கோ அவங்களப் பொறுத்து அவன் தியாகியாவோ ரௌடியாவோ ஆயிட்டே இருக்கான். நாங்க நின்ன பதினஞ்சு நிமிஷத்துல ஒரு டூரிஸ்ட் குரூப் வந்துச்சு, கைடு ஏதோ சொல்ல, அந்தக் கூட்டத்துலயே ரெண்டு பேர் குரல் உசந்துருச்சு. எங்களுக்குப் பாஷை புரியல, ஆனா தொனி புரிஞ்சுது.

சாயங்காலம் பாஷ்சார்ஷியா கடைத்தெருவுல செவாப்பி, விரல் மாதிரி உருட்டுன சின்னச் சின்ன மாட்டுக்கறித் துண்ட ரொட்டிக்குள்ள வச்சு மேல பச்சை வெங்காயம். அப்புறம் செம்புக் குடுவையில பாஸ்னியா காபி, டிகாக்‌ஷன் அடியில மண்டியா தங்கும், கலக்கக் கூடாது. தம்பி கலக்கிட்டான்.

நாள் 3 – பஸ்

சரயேவோ டு பெல்கிரேட், ஏழு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. டிரினா ஆறுதான் பார்டர், பாஸ்போர்ட்ட மொத்தமா வாங்கிட்டுப் போய் மொத்தமா கொண்டு வந்து ஒருத்தர் பேர கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுத்தாரு, என் பேர அவர் படிச்சதக் கேட்டு நானே யாரோன்னு நெனச்சுட்டேன். மழை. எழுத ஒண்ணும் இல்ல, ஏசி வேலை செய்யல.

நாள் 4 – பெல்கிரேட்

இங்க ஒரு பார்க்குல பிரின்சிப்புக்கு ஆளுயரத்துக்கும் மேல சிலை, 2015 ஜூன் 28-ல திறந்தது. மூணு நாளைக்கு முன்னாடி வியன்னாவுல இவன் சுட்ட ஓட்டைய பார்த்துட்டு வந்திருக்கோம், இங்க காலடியில பூ. தம்பி சிலையோட செல்ஃபி எடுக்கலாமா வேணாமான்னு கொஞ்ச நேரம் யோசிச்சான். எடுத்தான்.

மதியம் சாப்பாட்டு மெனுவுல பாதி பன்னிக்கறி. அதுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இருக்கு. 1906-ல செர்பியா பீரங்கிய ஆஸ்திரியாகிட்ட வாங்காம பிரான்ஸ்கிட்ட வாங்கப் போச்சு, வேற சில கோவமும் சேர்ந்து, ஆஸ்திரியா செர்பியா பன்னிகளுக்குப் பார்டர மூடிருச்சு. செர்பியாவோட ஏற்றுமதியில பெரும்பகுதி ஆஸ்திரியாவுக்குத்தான், இத நிறுத்தினா கால்ல விழுவாங்கன்னு நெனச்சாங்க. செர்பியா வேற வழி, வேற சந்தை தேடிக்கிச்சு. பன்றிப் போர்னே இதுக்குப் பேரு. அடுத்து 1908-ல ஆஸ்திரியா பாஸ்னியாவ மொத்தமா தன் நாட்டோட சேர்த்துக்கிச்சு, செர்பியா கத்துச்சு, பின்னாடி நின்ன ரஷ்யா அப்ப ஜப்பான்கிட்ட தோத்து பலம் இல்லாம இருந்ததால வாய மூடிட்டு இருந்துச்சு. அடுத்த தடவை இப்படி மூடக் கூடாதுன்னு ரஷ்யா முடிவு பண்ணது இங்கதான்னு நான் நினைக்கிறேன். ஊர்ப் பஞ்சாயத்துல ஒரு தடவை தலை குனிஞ்சவன் அடுத்த பஞ்சாயத்துக்கு வர்றப்ப எப்படி வருவான்னு நமக்குத் தெரியாதா.

1914 ஜூலை 23, சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஸ்திரியத் தூதர் கீஸ்ல், சரயேவோ கொலைக்குப் பின்னாடி உங்க ஆளுங்க இருக்காங்கன்னு செர்பியாகிட்ட ஒரு கடிதம் கொடுத்தாரு, 48 மணி நேரம் கெடு. அதுல ஒண்ணு, எங்க அதிகாரிங்க உங்க நாட்டுக்குள்ள வந்து விசாரணையில கலந்துப்பாங்கன்னு. செர்பியா கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு இந்த ஒண்ண மட்டும் முடியாதுன்னுச்சு. 25-ஆம் தேதி கெடு முடியற நேரத்துக்கு பிரதமர் பாஷிச் தானே கொண்டுபோய்க் கொடுத்தாரு. கீஸ்ல் ஏற்கனவே பெட்டி கட்டி, பயணத்துக்கு டிரெஸ் பண்ணி நிக்கறாரு. படிச்சாரு, ஆறரை மணி ரயிலப் புடிச்சுட்டாரு. பதில் என்னவா இருந்தாலும் ரயில் ஏறறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் கேள்வியே கேட்டிருக்காங்க. வேடிக்கை என்னன்னா அந்தப் பதில பின்னாடி படிச்ச கைசரே, இனி போருக்குக் காரணமே இல்லன்னு ஓரத்துல எழுதி வச்சாரு. ஆனா ஜூலை 5-ஆம் தேதியே ஆஸ்திரியாகிட்ட "என்ன வேணா பண்ணு, நான் இருக்கேன்"னு வாக்கு கொடுத்துட்டு, மறுநாள் நார்வே பக்கம் கப்பல்ல சுத்தக் கிளம்புனவரும் அவருதான்.

நாள் 5 – பெல்கிரேட், ஜெமுன்

காலையில கலேமெக்டான் கோட்டை. மேல நின்னா சாவா ஆறு வந்து டான்யூபுல கலக்கறது அப்படியே தெரியுது, நம்ம பவானி கூடுதுறைய அஞ்சாறு மடங்கு பெருசா நெனச்சுக்கோங்க. அக்கரையில தெரியற ஜெமுன் இப்ப பெல்கிரேடோட ஒரு ஏரியா, சிட்டி பஸ்ஸே போகுது. அப்ப அது வேற நாடு, ஆஸ்திரியா-ஹங்கேரி. தலைநகரத்து ஜன்னல தொறந்தா எதிரி வீட்டுத் துணி காயறது தெரியும், அவ்ளோ பக்கம்.

ஜூலை 28 போர் அறிவிப்பு தந்தியில வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி செர்பியாக்காரங்க ஆத்து மேல இருந்த ரயில் பாலத்த வெடி வச்சாங்க, ஆஸ்திரியாவோட ஆத்துக் கப்பல்கள் ஊர் மேல சுட்டுச்சு. அதுல ஒண்ணு போட்ரோக். அது இன்னும் இருக்கு, சாவாங்கற பேர்ல, சாவா ஆத்துலயே, மியூசியமா! நடுவுல பல வருஷம் அத ஜல்லி ஏத்தற படகா வச்சிருந்தாங்களாம். நாங்க போனப்ப உள்ள விடற நேரம் முடிஞ்சிருச்சு, கரையில நின்னு பார்த்தோம். பெருசாவே இல்ல. தட்டையா, தண்ணிக்கு மேல கொஞ்சம்தான் தெரியுது, பீரங்கிக் கூண்ட மறைச்சுட்டா நம்ம ஊரு மணல் பரிசலுக்கு இரும்புச் சட்டை போட்ட மாதிரி.

தம்பிகிட்ட சொன்னேன், இது சுட்டு ரெண்டு மாசம்கூட ஆகல, செப்டம்பர் 22 ராத்திரி ஒரு ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் ஹார்பர் பக்கம் வந்து பர்மா ஆயில் கம்பெனி டேங்க எரிச்சுட்டுப் போச்சு, எம்டன். நவம்பர் 9-ல கொக்கோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அத அடிச்சு முடக்குச்சு, ஆனா பேரு நம்ம பாஷையில தங்கிருச்சு.

"அட, அப்பத்தா எங்கப்பன 'அவன் எம்டன்டா'ன்னு சொல்லுமே, அதுங்களா?"

"எங்கிட்ட உங்கப்பாவ சொல்லும், உங்கிட்ட எங்கப்பாவ சொல்லிருக்கும்."

சரயேவோவுல ஒரு டிரைவர் வழி தப்பினதுக்கு மெட்ராஸ் ஐகோர்ட் பக்கத்துல குண்டு விழுந்திருக்குன்னா நடுவுல என்ன நடந்துச்சு? ஏர்போர்ட்ல ஃப்ளைட் ரெண்டு மணி நேரம் லேட்டு, அங்க உக்காந்துதான் இத டைப் பண்றேன். ஆஸ்திரியா செர்பியாவ அடிக்க, ரஷ்யா படைய கூட்ட ஆரம்பிச்சுது. படைய கூட்டறதுன்னா அப்ப ரயில். லட்சக்கணக்கான ஆள், குதிரை, பீரங்கி, எந்த ரயில் எந்தப் பாலத்த எத்தனை மணிக்குத் தாண்டணும்னு வருஷக்கணக்கா போட்டு வச்ச டைம்டேபிள். ஜெர்மனியோட திட்டம் என்னன்னா ரஷ்யா மெதுவா கூடும், அதுக்குள்ள பெல்ஜியம் வழியா போய் ரஷ்யாவோட கூட்டாளி பிரான்ஸ முடிச்சிரணும். அப்ப ரஷ்யா கூட ஆரம்பிச்ச நிமிஷம் ஜெர்மனி கடிகாரம் ஓட ஆரம்பிச்சிருச்சு, அதுவும் பிரான்ஸ் பக்கம். ஆகஸ்ட் 1 சாயங்காலம் லண்டன்லருந்து ஒரு தந்தி, பிரான்ஸ் சும்மா இருக்கும்ங்கற மாதிரி. கைசருக்கு ஒரே சந்தோஷம், அப்ப மொத்தப் படையையும் ரஷ்யா பக்கம் திருப்புங்கன்னாரு. தளபதி மோல்ட்கே முடியாதுன்னுட்டாரு, இத்தனை ரயில திருப்பினா ஆள் ஒரு பக்கம் சோறு ஒரு பக்கம்னு ஆயிரும்னு. கொஞ்ச நேரத்துல அந்தத் தந்தியே தப்புப் புரிதல்னு தெரிஞ்சிருச்சு, அது வேற. ஆனா ஒரு பேரரசர் நிறுத்துன்னா நிக்காத அளவுக்கு வண்டிய கட்டி வச்சிருக்காங்க பாருங்க. கிளம்பறதுக்கு எல்லா நாட்டுலயும் டைம்டேபிள் இருந்துச்சு, திரும்பறதுக்கு ஒருத்தன்கிட்டயும் இல்ல. ஆகஸ்ட் 3 பிரான்ஸ் மேல போர், 4 பெல்ஜியத்துக்குள்ள படை, பெல்ஜியத்த தொடக்கூடாதுன்னு 1839-ல போட்ட ஒப்பந்தத்தக் காட்டி அன்னைக்கே இங்கிலாந்தும் உள்ள வந்துருச்சு. இங்கிலாந்து வந்தா இந்தியா கேட்காமலே வந்தாச்சு. 13 லட்சத்துக்கு மேல நம்ம நாட்டு ஆளுங்க போனாங்க, 74,000 பேர் திரும்பல.

ஒருத்தரும் நாலு வருஷப் போர் கேட்கல, எதிராளி ஒரு அடி பின்னாடி வைக்கட்டும்னு மட்டும்தான் எல்லாரும் கேட்டாங்க. போர்டிங் கூப்பிடறாங்க, மீதி அப்புறம்.

நாள் 6 – மோன்ஸ், பெல்ஜியம்

பிரஸ்ஸல்ஸ்லருந்து மோன்ஸ் ரயில்ல ஒரு மணி நேரம்கூட இல்ல. பிரான்ஸ் பக்கம் நவ்-சப்பெல்ல இந்தியச் சிப்பாய்களோட நினைவிடம் இருக்கு, 4,700 பேருக்கு மேல பேர் செதுக்கிருக்காங்க, போகணும்னுதான் இருந்தேன், நேத்து ஃப்ளைட் லேட்டானதுல அது கட்டாயிருச்சு. வயித்தெரிச்சல்தான்.

மோன்ஸ்ல ஸ்டேஷன்லருந்து டாக்ஸி புடிச்சு சென் சிம்ஃபோரியன் கல்லறைக்குப் போனோம். மரங்களுக்கு நடுவுல, ஏத்த இறக்கமா, தோட்டம் மாதிரி இருக்கு. நிலத்த கொடுத்த உள்ளூர்க்காரர் போட்ட கண்டிஷன், ரெண்டு பக்கத்துச் சிப்பாய்களுக்கும் ஒரே மரியாதை கொடுக்கணும்னு. அதனால ஜெர்மன்காரங்களும் இங்கிலாந்து பக்கத்துச் சிப்பாய்களும் சுமார் 500 பேர் ஒரே தோட்டத்துல.

இங்க ஜான் பார்னு ஒரு பையன். 1914 ஆகஸ்ட் 21, மேற்குப் போர்முனையில செத்த முதல் பிரிட்டிஷ் சிப்பாய்னு இவனத்தான் சொல்றாங்க. சைக்கிள்ல வேவு பார்க்கப் போனவன். கல்லுல வயசு 20-ன்னு இருக்கு, நிஜத்துல 17 வாக்குல, வயச கூட்டிச் சொல்லி சேர்ந்திருக்கான். எதுத்தாப்புல ஜார்ஜ் எலிசன், 40 வயசு, நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பார்த்தவரு, 1914-லயே இதே மோன்ஸ்ல சண்டை போட்டு நாலு வருஷம் தப்பிச்சு வந்தவரு, 1918 நவம்பர் 11 காலையில, போர் நிக்க ஒன்றரை மணி நேரம் இருக்கறப்ப செத்தாரு. போர்ல செத்த கடைசி பிரிட்டிஷ் சிப்பாய். முதல் ஆளும் கடைசி ஆளும்னு தெரிஞ்சு எதிரெதிர வைக்கல, அதுவா அமைஞ்சது. நடுவுல புல்லு. தம்பி அந்தக் கல்லுலருந்து இந்தக் கல்லுக்கு நடந்து பார்த்தான், பத்து எட்டுகூட வரல. போர் தொடங்குன இடத்துலருந்து போர் முடிஞ்ச இடத்துக்கு அவ்ளோதான் தூரம், நடுவுல லட்சம் லட்சமா ஆளு. திரும்ப ஒரு தடவை நடந்தான், இந்தத் தடவை மெதுவா.

மழை தூற ஆரம்பிச்சுது. வாசல்கிட்ட சுவத்துக்குள்ள ஒரு சின்ன உலோகக் கதவு, தொறந்தா உள்ள பார்வையாளர் நோட்டு. தம்பி தேதி போட்டான், பேர தமிழ்ல எழுதினான், ஊர்னு இருந்த இடத்துல கோபிச்செட்டிபாளையம்னு எழுத எடம் பத்தாம ஓரத்துல வளைச்சு எழுதினான். கடைசியா கருத்து எழுதற கட்டம். பேனாவ அதுல வச்சுட்டு என்னைப் பார்த்தான்.

"என்ன எழுதறதுங்ணா?"

எனக்கும் ஒண்ணும் தோணல. டாக்ஸிக்காரர் வெளிய ஹாரன் அடிச்சாரு, மழை நோட்டு மேல விழுந்து கோபிச்செட்டிபாளையத்துல 'கோ' கரைய ஆரம்பிச்சுது. கட்டத்த காலியா விட்டுட்டு, ஒத்தி எடுத்து, நோட்ட உள்ள வச்சு கதவ சாத்திட்டு வந்தோம்.